கிரேக்கரின் முகமன்

நாள்தோறும் நாம் கூறும் முகமன் சொற்களின் பொருளை நாம் நின்று நினைப்பதில்லை. கிரேக்கரோ அதனை நினைத்ததோடு அதன்பொருட்டு வாதாடியும் உள்ளனர்.

பண்டைக் கிரேக்கர் வழியிற் கண்டாரைக் 'கைரே' என்றழைத்தனர். 'மகிழ்வாயாக' என்பது அதன் பொருள். பிரியும்போதும் அதுவே சொல். தெய்வத்தைப் பாடி முடிக்கும் புலவனும் அதனையே கூறினான். மாண்டாரின் நடுகல்லிலும் அதனையே பொறித்தனர். தேவர்க்கும் மாந்தர்க்கும் மாண்டார்க்கும் ஒரே வாழ்த்து! கேட்போன் செல்வனோ வறியனோ என அச்சொல் வினவுவதில்லை. அடிமைகளை விலைக்கு வாங்கி வேலைகொண்ட மக்களும் இவர்களே என்பதை நாம் மறக்கலாகாது. நாவிலிருந்த சமத்துவம் சந்தையில் இல்லை.

ஆயினும், மனிதன் காலடியில் மனிதன் வீழ்ந்து வணங்குவதை அவர்கள் இழிவென்றே கொண்டனர். பாரசீகத்தை வென்ற அலெக்சாந்தர், அந்நாட்டு மன்னர்க்குச் செய்யப்பட்ட அவ்வணக்கத்தை கி.மு. 327இல் தன் மக்களிடமும் எதிர்பார்த்தான். அவன் வரலாற்றை எழுதுவதற்கென உடன் சென்றிருந்த கலிஸ்தனீஸ் சபையிலேயே அதனை மறுத்துரைத்தான். அரசன் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. கலிஸ்தனீசோ பின்னர்ச் சதிக்குற்றம் சாட்டப்பட்டுப் பிடிபட்டான், உயிருடன் மீண்டிலன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான லூசியன் செய்தி நகைப்புக்குரியது. அவர் ஒருநாட் காலை பெரியார் ஒருவரைக் காணச் சென்று, 'கைரே' என்னாது 'நலமாயிரு' என நாத்தவறிச் சொல்லிவிட்டார். காலையிற் சொல்லும் வழக்கமில்லாத சொல் அது. வெட்கிப்போனவர், அதனை நியாயப்படுத்தத் தனிக் கட்டுரையே வரைந்தார்! உடல்நலமின்றேல் மற்றை இன்பங்களால் யாது பயன் என்பது அவர் வாதம்.

காலம் லூசியன் பக்கமே சாய்ந்தது. இன்று கிரேக்க நாட்டுத் தெருக்களில் நாம் கேட்பது 'யாசூ', அதாவது 'உனக்கு நலம்' என்பதே. பெரியோரையும் பலரையும் 'யாசாஸ்' என்பர். பழைய சொல் சிறிது மரியாதைக்குரிய வழக்காய் எஞ்சியுள்ளது. மாதம் பிறந்தால் 'நல்ல மாதம்', புத்தாடை உடுத்தாருக்கு 'நலத்தோடு', பிறந்தநாளில் 'பல்லாண்டு'. பேறுகாலம் நெருங்கிய பெண்ணுக்கு 'நல்ல விடுதலை' என்று வாழ்த்துவது நம் உள்ளத்தைத் தொடுகிறது. சாவு வீட்டிலும் அவர்கள் வாழ்த்தாமல் திரும்புவதில்லை. இறந்தவரின் உற்றாரை நோக்கி, 'உங்களுக்கு வாழ்வு' என்கின்றனர்.