கலவரம் என்று எழுதிய கை

"நம்ம ஊர்ப் பேப்பர் முன்னே மாதிரி இல்லப்பா, தரம் கெட்டுப்போச்சு." தூத்துக்குடி டீக்கடைகளில் இந்தப் புலம்பல் கேட்கிறது. கப்பல் வரத்து, தங்கம் விலை, கோயில் கொடை, தலைவர் பிறந்தநாள் விளம்பரம். மிச்ச இடத்தில் போலீஸ் தந்த செய்தி. புலம்பல் நியாயம்தான். ஆனால் முன்னே நல்லா இருந்துச்சுன்னா, யாருக்கு நல்லா இருந்துச்சு?

1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் இந்தச் சீமையின் காயாமொழிக்காரர். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழில் பேப்பர் வந்தது பெரிய காரியம். டீக்கடை பெஞ்சில் ஒருத்தர் படிக்க, ஊர் கேட்டது. பெஞ்சில் உட்கார விடாததால் தனிக் கிளாசோடு வெளியே குத்தவச்சுக் கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குக் கேட்க இடம் இருந்தது, அச்சில் இடம் இல்லை.

1995 ஆகஸ்ட் 31. தென்மாவட்டங்களில் சாதி மோதல் பற்றியெரிந்த நேரம். இந்த மாவட்டத்துக் கொடியன்குளத்துக்குள் சுமார் 600 போலீஸ்காரர்கள் பட்டப்பகலில் புகுந்தார்கள். பள்ளர்கள் வாழும் ஊர். வளைகுடா நாடுகளில் பாடுபட்டு அனுப்பிய காசில் ஓரளவு நிமிர்ந்த ஊர். டி.வி., டேப் ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மிஷின் நொறுக்கப்பட்டன. துணிமணி எரிந்தது, படித்த பிள்ளைகளின் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் எரிந்தன. குடிக்கிற கிணற்றையும் விடவில்லை. எரிந்த பொருள்களைப் பாருங்கள்: படிப்பு, வெளிநாட்டுப் பயணம், சம்பாத்தியம். குறி எதன்மேல் என்பது விளங்கும்.

இதற்கு வைத்த பெயர் 'கொடியன்குளம் கலவரம்'. இன்றைக்கும் அச்சில் அதுவே. கலவரம்னா ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கணும்ல? அரசின் படை ஒரு ஊரைச் சூறையாடியதற்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். உள்ளூர் நிருபருக்குச் சொற்பக் காசு. பல இடத்தில் விளம்பரம் பிடிப்பதும் அவர் தலையில். தினமும் செய்தி தருவது காவல் நிலையம், விளம்பரம் தருவது ஊர்ப் பெரிய மனிதர். சேரிக்குள் போய் விசாரிக்க எவருக்கு அவசியம்? 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களிடையே தேடிப் பார்த்தார். ஒரு தலித்தும் கிடைக்கவில்லை என்று எழுதினார். டெல்லியே அப்படி என்றால் தாலுகா எப்படி?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் விளம்பரம் போட 'கேசரி' மறுத்தது. தரம் கெட்டதால் அவர்கள் பத்திரிகை நடத்தவில்லை. நல்ல தரம் என்று ஊர் மெச்சிய காலத்திலேயே நமக்குக் கதவு சாத்தியிருந்தது.

2018 மே மாதம், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மீது தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் செத்தார்கள். அப்போதும் 'கலவரம்' என்ற சொல் வந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் தந்த அறிக்கை காவல்துறை மீது குற்றம் கண்டது. கொடியன்குளத்தில் பழகிய சொல், நகரத்துக்குள்ளும் நடந்து வந்துவிட்டது. சேரியைப் பற்றிய பொய்யைச் சகித்துக்கொண்ட ஊர், தன்னைப் பற்றிய பொய்யையும் ஒருநாள் படித்தாக வேண்டியிருந்தது.

தோழர்களே, புலம்பினது போதும். எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி, என்னென்ன உடைந்தது, யார் பார்த்தது என்று நோட்டுப் போட்டு எழுதுங்க. பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுங்க. நாம எழுதலைன்னா, கலவரம்னு எழுதுன கைதான் நம்ம பிள்ளைகளுக்கும் வரலாறு எழுதும்.