லூவா மொழியும் எக்ஸ்.எம்.எல். பாகுபாடும்

பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளே வரலாறு எனக் கொள்வார்க்குக் கணினிமொழியொன்றின் பிறப்பு ஆராய்தற்குரிய பொருளாகத் தோன்றாது. ஆயினும் பிறேசில் நாட்டிலே 1993ஆம் ஆண்டிற் பிறந்த லூவா என்னும் சிறுமொழியின் வரலாறு அறிஞர் கருத்திற் கொள்ளத்தக்கதொன்றாகும்.

அந்நாட்டரசு 1977 முதல் 1992 வரை கணினிப்பொறிக்கும் மென்பொருளுக்கும் கடுமையான வாணிகத் தடை விதித்திருந்தது. அயல்நாட்டு மென்பொருளை எளிதிற் பெறமாட்டாத அச்சூழலில், றியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெக்கிராஃப் ஆய்வுக்குழு, பெற்றோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தின் தேவைக்கென இரு சிறுமொழிகளை ஆக்கிற்று. அவற்றுள் ஒன்று சோல் எனப்பட்டது. இரண்டனையும் ஒருங்கிணைத்து றொபேர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, பிகெரேதோ, செலெஸ் ஆகிய மூவரும் லூவாவைப் படைத்தனர். போர்த்துக்கேய மொழியிற் 'சோல்' ஞாயிறு, 'லூவா' திங்கள். ஞாயிற்றின் பின் திங்கள் தோன்றியமை பொருத்தமே.

தடையே இம்மொழியை வளர்த்தது எனல் முற்றும் பொருந்தாது. மொழி பிறந்த ஞான்று தடை நீங்கிவிட்டது. பிறிதொரு செய்நிரலினுள்ளே சுமையின்றி அமர்ந்து பணிபுரியும் இயல்பே அதனைப் பிறநாடுகளுக்குக் கொண்டு சென்றது என்பதே எம் துணிபு.

1998 பெப்ரவரி 10ஆம் நாள் எக்ஸ்.எம்.எல். உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அதனை வகுத்த குழுவின் தொழினுட்பத் தலைவரான ஜேம்ஸ் கிளாக், சி மொழியில் எக்ஸ்பாற் என்னும் பாகுபடுத்தியை இயற்றினார். அது கோப்பு முழுவதையும் மரவுருவாக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்வதன்று. முதலிலிருந்து படித்துச் செல்லுங்கால் தொடக்கக் குறி, உரை, முடிவுக் குறி என ஒவ்வொன்றும் எதிர்ப்படும்தோறும் அறிவித்துச் செல்லும். லூவா எக்ஸ்பாற் என்னும் இணைப்பு, அவ்வறிவிப்புக்களை லூவாச் சார்புகளுக்குக் கொணர்ந்தது. லூவாவிலுள்ள ஒரே தரவுக்கட்டமைப்பு அட்டவணையே. அட்டவணைக்குள் அட்டவணை வைக்கலாமாதலின், ஒன்றனுள் ஒன்றாயடங்கிய எக்ஸ்.எம்.எல். உறுப்புக்கள் அதன்கண் இயல்பாகவே மரவுருப் பெறுகின்றன.

குறிகளைச் சரவடிவங்களாற் பொறுக்கியெடுக்க முயல்வாரும் உளர். ஒரு பெயருடைய உறுப்பினுள் அப்பெயரே உடைய பிறிதோர் உறுப்பு வரின், அம்முறை உட்புறத்து முடிவுக் குறியையே வெளியுறுப்பின் முடிவெனக் கொண்டு பிழைபடும். இலக்கண விதியே இதற்கு மருந்து. பிறையன் போர்ட் 2004இல் வகுத்த இலக்கண முறையைத் தழுவி, இயெருசலிம்ஸ்கி எல்பெக் என்னும் கருவியை லூவாவுக்கென இயற்றினார்.

அதன் பயன் அச்சுக்கலையிற் புலனாயிற்று. டொனால்ட் குனூத் ஆக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்புச் செய்நிரலினுள்ளே லூவாவைப் பொதித்து லூவாடெக் உருவாயிற்று. 2016இல் அதன் முதலாம் பதிப்பெண் வெளிவந்தது. நெதர்லாந்தினரான ஹான்ஸ் ஹாகன், தம் கொன்டெக்ஸ்ற் தொகுதியில் முன்னர் டெக் கட்டளைகளால் அரிதின் முயன்று செய்த எக்ஸ்.எம்.எல். பாகுபாட்டை, லூவாவினிடத்தே ஒப்படைத்தார்.