துணி துவைத்தல் (தென்காசி வட்டாரம்)

தென்காசி, குற்றாலம், குத்துக்கல்வலசை வட்டாரத்தில் கையால் துணி துவைப்பது இன்றும் உண்டு. துவைக்கும் ஆள்தான் மாறிவிட்டார். ஊர் வண்ணார் குடும்பத்தின் தொழில் வீட்டுப் பெண்களின் அன்றாடப் பாடானது. வாஷிங் மெஷின் வருவதற்கு வெகு முன்பே, சோப்புக் கட்டி வந்தபோதே அது தொடங்கிவிட்டது.

புறநானூறு 311ஆம் பாட்டில் களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி (துணி வெளுப்பவள்) ஆடை வெளுக்கிறாள். குறுந்தொகை 330இல் துணிக்குக் கஞ்சி போடுகிறாள். களரைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். பிற்கால வெள்ளாவிக்கும் அதுவே அடிப்படை. உவர்மண் கரைத்த நீரில் நனைத்த துணிகளை அடுப்புப் பானைகளின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவிடுவார்கள். விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார்கள். எந்த வீட்டுத் துணி என்று தெரியச் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அது அழியாது. கூலி, களத்தில் அளந்த நெல்லும் வீடுவீடாக வாங்கிய சோறும். பூப்பு, பேறு, சாவு ஆகியவற்றின் தீட்டுத்துணிகளும் அவர்கள் தலையில்தான்.

தலித் மக்களுக்கு வெளுத்த புதிரை வண்ணார் நிலை இன்னும் கொடியது. அன்று தென்காசியையும் உள்ளடக்கிய திருநெல்வேலி மாவட்டத்தில், கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் நடமாட விடாமல் வைக்கப்பட்ட இவர்கள், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துணி வெளுத்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேடு வெளியிட்டது. வெள்ளாவியின் கைத்திறனை மெச்சுவோர் இந்தச் செய்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும். புதிரை வண்ணாருக்கெனத் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது 2009இல்தான்.

சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தாவில் வந்திறங்கியது. பின்னர் 501 பார் சோப்பு, 1959இல் சர்ஃப், 1969இல் நிர்மா. டெரிகாட்டன் சட்டைக்கு வெள்ளாவியே தேவைப்படவில்லை. வண்ணார் பலர் இஸ்திரி வண்டிக்கு மாறினர். துவைகல் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. ஊறவைத்து, கும்மி, அடித்து, அலசிப் பிழிவது பெண்களின் வேலையானது. அதற்குக் கூலியாக நெல்லும் இல்லை, சோறும் இல்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. இலவச வாஷிங் மெஷின் தருவதாக வாக்களித்துத் தோற்றது. மெஷின் வாங்கிய வீடுகளிலும் சட்டைக் காலரைப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகே உள்ளே போடுகிறார்கள்.