எப்போது வந்தீர்கள், எப்போது பயணம்? சபராளிகள் ஊர் திரும்பிய வரலாறு



வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஜும்ஆ தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். ‘எப்ப வந்தீங்க?’ என்பது முதலாவது, ‘எப்பப் பயணம்?’ என்பது இரண்டாவது. விடுப்பில் வந்தவர் இரண்டுக்கும் தயக்கமின்றிப் பதில் சொல்வார். ‘இனிப் போகவில்லை, எக்ஸிட்டில் வந்துவிட்டேன்’ என்று சொல்ல வேண்டியவரின் குரல் மட்டும் சற்றே தாழும். சொந்த ஊருக்குத் திரும்பியதை ஒரு குற்றத்தைப் போல ஒப்புக்கொள்ளும் நிலைக்கு நாம் எவ்வாறு வந்தோம்?

மார்க்கச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஹனஃபி மத்ஹபின்படி, அயலூரில் பதினைந்து நாள்களேனும் தங்குவதாக நிய்யத் வைக்கும் முஸாஃபிர் அங்கே முகீம் ஆகிவிடுகிறார். சொந்த ஊருக்குத் திரும்புபவருக்கோ அந்த நிய்யத்தும் தேவையில்லை. ஊர் எல்லைக்குள் கால் வைத்தவுடன் அவர் முகீம். தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகத் தொழ வேண்டியவர். வாழ்க்கை அவ்வளவு எளிதாக முகீம் ஆக்கிவிடுவதில்லை. வளைகுடாவில் வசிப்பு அனுமதி அட்டைக்கு ‘இகாமா’ என்று பெயர். இகாமாவும் முகீமும் ஒரே அரபு வேரில் பிறந்த சொற்கள். இருபதாண்டுகள் இகாமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பயணியாக வாழ்ந்தவர், அது தேவைப்படாத தம் வீட்டிற்கு வந்த பின்பு விருந்தாளியைப் போல் உணர்கிறார்.

நம் முன்னோர் கடல் கடந்து போன வரலாற்றைப் பெருமையோடு பேசுகிறோம். அவர்கள் திரும்பி வந்த வரலாற்றை நாம் பேசுவதில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாவது வரலாற்றைப் பற்றியது.

மானாவாரி மண்ணிலிருந்து

பெரம்பலூர், அரியலூர் பகுதி நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடக்கு எல்லையாக இருந்தது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் வழியாக இருப்புப்பாதை செல்கிறது. பெரம்பலூர் நகருக்கோ இன்றும் ரயில் நிலையம் இல்லை.

வெள்ளாறும் கொள்ளிடமும் இப்பகுதியின் ஓரங்களைத் தொட்டுச் செல்கின்றன. நடுவிலுள்ள நிலம் பெரும்பாலும் மழையை நம்பியது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், கிழக்கே முந்திரி, அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலைகளும் என்பதே இதன் பொருளாதாரம். மழை பொய்த்தால் கடன், மழை மிகுந்தால் விலை வீழ்ச்சி. இத்தகைய மண்ணில் மகனை அயல்நாட்டிற்கு அனுப்புவது பேராசையாகத் தோன்றவில்லை, காப்பாகவே தோன்றியது. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவிலோ மலேசியாவிலோ ஒருவரேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்குப் பெரம்பலூர் மாவட்டத்தில் 1003 பெண்களும் அரியலூர் மாவட்டத்தில் 1015 பெண்களும் இருந்தனர். மாநிலச் சராசரி 996. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும் ஆண்கள் பிழைப்புக்காக வெளியே சென்ற மண் இது என்பதை நம் தெருக்களில் நடப்பவர் எவரும் அறிவர்.

கப்பல் காலத்துத் திரும்புதல்

தமிழ் முஸ்லிம்களின் கிழக்குத் திசைப் பயணம் பழமையானது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் நிறுவப்பட்டது. சிங்கப்பூரின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் ‘ரஜூலா’ கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர்களை ஏற்றி இறக்கியது. அதன்பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985-இல் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழிப் பயணம் முடிவுக்கு வந்தது.

கப்பல் காலத்துச் சபராளி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவார், சில மாதங்கள் இருப்பார், மீண்டும் புறப்படுவார். முதுமையில் ஊரோடு வந்து தங்குவது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கை அரசுகள் மாற்றின. பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள், சேர்த்த பொருளைக் கொண்டுவர அனுமதியின்றிக் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவ்வாறு திரும்பியவர்கள் நடைபாதையில் தொடங்கிய வாழ்வின் அடையாளம். மலேசியாவில் 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. 1969 மே கலவரமும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் இந்தியர்கள் அங்கிருந்து வெளியேறினர்.

விமான காலத்துத் திரும்புதல்

1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் கட்டுமானத்தில் இறங்கியபோது நம் பயணத்தின் திசை மேற்கே திரும்பியது. ஆனால் திரும்புதலின் இலக்கணம் மாறவில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. ஒரு லட்சத்திற்கும் அதிகமான இந்தியர்கள் ஜோர்தான் நாட்டு அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டு மும்பையில் இறங்கினர். வேலையையும் சேமிப்பையும் விட்டுவிட்டு, கையில் கிடைத்த துணிமணிகளோடு வந்தவர்கள் அவர்களில் பலர். பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் இழப்பீட்டு ஆணையம் அவர்களுக்கு இழப்பீடு வழங்கியது.

2011-இல் சவூதி அரேபியா ‘நிதாகத்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. 2013-இல் முறையான ஆவணமின்றிப் பணிபுரிந்தோர் சரிசெய்துகொள்ளவோ வெளியேறவோ கெடு விதித்தது. 2017 ஜூலை முதல் உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து 2020-இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடனிருந்தால் மாதம் 1600 ரியால். குடும்பம் முதலில் ஊர் திரும்பியது. தனிமை தாங்காமல் பின்னால் கணவரும் திரும்பினார். 2020-இல் கொரோனா வந்தது. மே மாதம் தொடங்கிய மீட்பு விமானங்களில் திருச்சிக்கு வந்து இறங்கிய பலருக்கு, தாம் விடுப்பில் வந்திருக்கிறோமா, முடித்துக்கொண்டு வந்திருக்கிறோமா என்பதே தெரியவில்லை.

இந்த வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. போகும் நாளை நாம் முடிவு செய்தோம். திரும்பும் நாளைப் பெரும்பாலும் பிறர் முடிவு செய்தனர். ஆகவே ‘இன்னும் இரண்டு வருடம்’ என்று தள்ளிப்போடுவது திட்டமாகாது. திரும்புதலுக்கான ஆயத்தம், புறப்பட்ட அன்றே தொடங்க வேண்டிய ஒன்று.

கையில் வருவது எவ்வளவு?

வளைகுடா வேலைக்கு நம்மவர்க்கு ஓய்வூதியம் இல்லை. இருப்பது பணிமுடிவுத் தொகை மட்டுமே. சவூதி தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். இருபதாண்டு உழைத்தவருக்கு இது பதினேழரை மாதச் சம்பளம். ஒரு மகளின் திருமணமோ, பாதியில் நின்ற மாடிக் கட்டடமோ அதை ஒரே பருவத்தில் கரைத்துவிடும்.

எஞ்சியதைக் கொண்டு கடை வைக்கலாம் என்று தோன்றும். முன்னர் வந்தவர் வைத்த அதே கடை, அதே தெருவில். வாங்கும் ஊர் ஒன்றே. விற்கும் கடைகள் ஐந்து. இங்கே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்வு நமக்குப் பாடம். மக்காவில் வணிகராக இருந்தவர், மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார். அன்சாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆச் செய்துவிட்டு, அப்துர் ரஹ்மான் (ரலி) கேட்டது கடைவீதிக்குச் செல்லும் வழியை மட்டுமே. பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சிறிதாகத் தொடங்கினார். முதலைப் போடுவதற்கு முன் சந்தையை அறிந்தார். பழைய தகுதியை எண்ணிச் சிறிய தொடக்கத்திற்கு வெட்கப்படவுமில்லை. முப்பது பேருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஊரில் சின்ன வெங்காயத்தை வாங்கி விற்பதில் இழிவு ஏதுமில்லை.

ஆவண வேலைகளும் உண்டு. நிலையாகத் திரும்பியவர் தமது என்.ஆர்.ஈ. வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும் என்பது சட்டம். நிலப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், ஜகாத் பாக்கி உண்டா என்பவற்றை எழுதி வைப்பது, பின்னால் வாரிசுரிமை பிரிக்கும்போது சகோதரர்களைப் பகைவர்களாக்காமல் காக்கும்.

வீட்டைக் காத்தவர்கள்

பணத்தைவிடக் கடினமானது வீடு. கணவர் அயலில் இருந்த காலமெல்லாம் மனைவியே வீட்டை நடத்தினார். ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, மாமியாரின் மருத்துவம், கொத்தனார் கூலி, ஜமாஅத் சந்தா, மகளுக்கு வந்த சம்பந்தம் அனைத்தையும் அவர் பார்த்தார். கடிதமும், பின்னர் ஒலிநாடாவில் பதிந்து அனுப்பிய பேச்சும், பின்னர் கைப்பேசியும் கணவரின் குரலைக் கொண்டுவந்தன. ஆனால் முடிவுகளை எடுத்தவர் அவரே. திரும்பிய கணவர் முதல் வாரத்திலேயே மளிகைக் கணக்குக் கேட்கத் தொடங்கினால் அவர் மனம் என்ன பாடுபடும்? அத்தாவைத் திரையில் மட்டுமே பார்த்து வளர்ந்த மகன், திடீரென ஒலிக்கும் அதட்டலை எவ்வாறு ஏற்பான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு, கணவன் போர்முனையில் இருக்க அவனை எண்ணி வருந்திய பெண்ணின் குரலைக் கேட்டதாகவும், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பெண்ணால் எவ்வளவு காலம் பிரிவைப் பொறுக்க முடியும் என்று வினவி, படைவீரர்கள் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்ததாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த எல்லை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நம் குடும்பங்களில் அது இரண்டாண்டு, மூன்றாண்டு. பிரிவு நீண்டதாயின், சேர்வதற்கும் காலம் வேண்டும் என்பதை நாம் ஏற்க வேண்டும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திரும்புதலுக்கென்றே ஒழுக்கங்களைக் கற்பித்துச் சென்றார்கள். பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் தடுக்கும் ஒரு வேதனை, ஆதலால் தேவை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றார்கள். பயணத்திலிருந்து வந்ததும் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்களது வழக்கம். நெடுநாள் பிரிந்திருந்தவர் இரவில் திடீரென வீட்டிற்குள் நுழைய வேண்டாம், மனைவி தலைவாரித் தன்னைச் சீர்செய்துகொள்ள அவகாசம் தர வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். சில மணி நேர அவகாசத்தையே இவ்வளவு கவனித்த மார்க்கத்தில், இருபதாண்டு வழக்கங்களை ஒரே இரவில் புரட்டிப்போட எவருக்கும் உரிமை உண்டா? வந்தவர் முதல் சில மாதங்கள் கேட்பவராக இருக்கட்டும். மனைவியின் கணக்கேட்டைத் தணிக்கை செய்யாமல், அதிலிருந்து கற்றுக்கொள்ளட்டும்.

ஜமாஅத் செய்யக் கூடியது

மதீனாவில் முஹாஜிர் ஒவ்வொருவரையும் ஓர் அன்சாரியுடன் சகோதரராக இணைத்தார்கள் நபியவர்கள் (ஸல்). நம் மஹல்லாக்களும் அதன் நிழலையேனும் பின்பற்றலாம். புதிதாகத் திரும்பியவரை, பத்தாண்டுகளுக்கு முன் திரும்பி நிலைத்தவரோடு இணைத்துவிடலாம். எந்தத் தொழில் ஏன் நொடித்தது என்பதை நொடித்தவரே சொன்னால் அதைவிடச் சிறந்த ஆலோசனை வேறில்லை. பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனுக்கு ஒரு பகுதியை ஒதுக்கலாம். அயலில் கற்ற மின்பணி, குளிர்சாதனம், கணக்கியல் போன்ற திறன்களைப் பதிவு செய்து நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்யலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, பள்ளிவாசல் படியில் கேட்கும் அந்த இரண்டாவது கேள்வியை நாம் மாற்றிக்கொள்ளலாம். ‘எப்பப் பயணம்?’ என்பதற்குப் பதிலாக, ‘நல்லா இருக்கீங்களா, அசருக்கு வருவீங்கல்ல?’ என்று கேட்டால் போதும். வந்தவர் தாம் முகீம் ஆனதை அந்த ஒரு கேள்வியில் உணர்வார்.

திரும்பி வந்தோரின் மீதி வாழ்நாளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இன்னும் அயலில் உழைப்போரை அவர்தம் குடும்பத்தாரோடு நலமாகச் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.