மின்கலத்துக்கு முன் ஒரு காந்தம்: ஜான் குட்இனஃபின் மறக்கப்பட்ட பாதி

2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டபோது, குட்இனஃபின் வயது 97. நோபல் பெற்றவர்களுள் மிக மூத்தவர் அவரே என்பதும், நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியின் லித்தியம்-அயனி மின்கலத்துக்கு வழிவகுத்தவர் என்பதும் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தன. இரண்டும் உண்மை. எனினும், மின்கலத்தைத் தொடுவதற்கு முன் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அவர் காந்தப் பொருள்களையும் பெரோவ்ஸ்கைட் படிகங்களையும் ஆராய்ந்தார். அந்தப் பாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை விட்டுவிட்டால் பின்பாதி ஏதோ அதிர்ஷ்டத்தால் கிடைத்ததுபோல் தோன்றிவிடும். ஆகவே கதையை முதலிலிருந்தே பார்ப்போம்.

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். 1839இல் ரஷ்யாவின் யூரல் மலைப்பகுதியிலிருந்து கிடைத்த கால்சியம் டைட்டனேட்டை ஜெர்மானியக் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோஸ் ஆராய்ந்து விவரித்தார். கனிமங்களைச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டிருந்த ரஷ்யப் பிரபு லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். பிற்காலத்தில் அப்பெயர் ஒரு முழுக் குடும்பத்துக்கும் உரியதாயிற்று. அதன் அமைப்பு எளியது. சிறிய உலோக அயனி ஒன்று நடுவில் அமர, அதைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் எண்முகி வடிவில் நிற்கின்றன. இத்தகைய எண்முகிகள் முனையோடு முனை தொட்டு நாற்புறமும் மேலும் கீழும் பரவுகின்றன. அவற்றிடையே உள்ள பெரிய வெற்றிடங்களில் பெரிய உலோக அயனிகள் குடியேறுகின்றன. நடுவில் இருப்பதையும் வெற்றிடத்தில் இருப்பதையும் மாற்றி மாற்றி வைக்கலாம். வீட்டின் சட்டகம் மாறாது, குணம் மட்டும் மாறும். திடநிலை வேதியியலார் இக்குடும்பத்தை விடாமல் பற்றிக்கொண்டதன் காரணம் இதுவே.

1950இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த யோன்கர், வான் சான்டன் என்னும் இருவர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். லாந்தனம், மாங்கனீசு, ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட் மின்சாரத்தை எளிதில் கடத்தாதது. இரும்பைப் போன்ற வலுவான காந்தமும் அன்று. ஆனால் லாந்தனத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டுக் கால்சியத்தையோ ஸ்ட்ரான்ஷியத்தையோ வைத்தால், அதே பொருள் காந்தமாகவும் ஆகிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது. காந்தத்தன்மையும் கடத்துதிறனும் ஏன் கைகோத்து வருகின்றன?

மறு ஆண்டே ஒரு விடை வந்தது. சிகாகோவில் பணியாற்றிய கிளாரன்ஸ் ஜீனர், மாங்கனீசு அயனி ஒன்றிலிருந்து ஆக்சிஜன் வழியாக அடுத்த மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தாவுகிறது என்றும், இரண்டின் தற்சுழற்சிகளும் ஒரே திசையில் இருந்தால்தான் அத்தாவல் எளிதாகும் என்றும் விளக்கினார். இரட்டைப் பரிமாற்றம் என்று அது பெயர் பெற்றது. அந்த ஜீனரிடம் முனைவர் பட்டத்துக்குப் பயின்றவர்தான் குட்இனஃப். யேலில் கணிதம் படித்து, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் வானிலையாளராகப் பணியாற்றி, அதன் பின்னரே இயற்பியலுக்குள் நுழைந்தவர். 1952இல் பட்டம் பெற்று எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வாய்த்த வேலை கணினி நினைவகம். வான்பாதுகாப்புக்கான கணினிகளுக்கு நம்பத்தக்க நினைவகம் தேவைப்பட்டது. ஜே ஃபாரஸ்டரின் குழு, குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகளில் சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களைக் கோக்கும் முறையை உருவாக்கிவந்தது. ஒரு வளையம் ஒரு பிட். வலஞ்சுழியாகக் காந்தமேற்றினால் ஒன்று, இடஞ்சுழியானால் சுழியம். இதற்கு வளையத்தின் காந்தத்திசை சட்டென்று மாறவேண்டும், மாறியபின் அப்படியே நிலைக்கவும் வேண்டும். சுட்டெடுத்த பீங்கான் போன்ற ஃபெரைட்டில் இதனைச் சாதிக்க வேதியியலாரும் இயற்பியலாரும் ஒரே மேசையில் அமர வேண்டியிருந்தது. குட்இனஃப் வேதியியலாரின் மொழியைக் கற்றுக்கொண்டது இங்கேதான்.

அந்த மொழியோடு அவர் மாங்கனீசுப் புதிருக்குத் திரும்பினார். 1955இல் பிசிகல் ரிவ்யூ இதழில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் வோலன், கோலர் இருவரும் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு இப்பொருள்களுக்குள் அணுக்காந்தங்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கண்ட கட்டுரை வெளியானது. அதையொட்டியே குட்இனஃபின் விளக்கமும் வெளியானது. கலப்பில்லாத லாந்தனம் மாங்கனேட்டில், ஒரே தளத்தில் உள்ள மாங்கனீசுகள் எல்லாம் ஒரே திசை நோக்குகின்றன. அடுத்த தளம் எதிர்த்திசை நோக்குகிறது. ஏன்?

குட்இனஃப் சொன்ன காரணத்தை எளிமையாக இப்படிக் கூறலாம். மாங்கனீசின் கடைசி எலக்ட்ரான் தனக்கு வாய்ப்புள்ள இரண்டு சுற்றுப்பாதை வடிவங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. அத்தேர்வினால் எண்முகி ஒருபுறம் நீண்டு மறுபுறம் குறுகுகிறது. ஒன்று ஒருபக்கம் நீண்டால் பக்கத்து வீட்டுக்காரர் அதற்கு இடம்கொடுத்து வேறுபக்கம் நீள வேண்டும். இவ்வாறு படிகம் முழுவதும் ஓர் ஒழுங்கு பரவுகிறது. இனி, ஆக்சிஜனுக்கு இருபுறமும் நேர்கோட்டில் நிற்கும் இரு அயனிகளைப் பாருங்கள். இரண்டிலும் பாதி நிரம்பிய பாதைகள் எதிரெதிரே நின்றால் அவற்றின் காந்தங்கள் எதிர்த்திசை கொள்ளும். ஒன்று பாதி நிரம்பியும் மற்றது காலியாகவும் இருந்தால் ஒரே திசை கொள்ளும். எலக்ட்ரான்கள் எங்கே அமர்ந்துள்ளன என்று எண்ணத் தெரிந்தால், காந்தம் எத்திசை நோக்கும் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம்.

1959இல் ஜப்பானின் ஜுன்ஜிரோ கனமோரி இதனைச் சமச்சீர்மையின் அடிப்படையில் செப்பமாக வகுத்தார். இன்று குட்இனஃப்-கனமோரி விதிகள் என்று பாடநூல்களில் இருப்பவை இவையே. 1963இல் குட்இனஃப் எழுதிய நூலின் தலைப்பு 'காந்தவியலும் வேதிப்பிணைப்பும்' என்று பொருள்படும். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவில் அவர் நின்ற இடத்தை அத்தலைப்பே காட்டிவிடுகிறது.

1969இல் அமெரிக்க நாடாளுமன்றம், ராணுவ நிதியில் நடக்கும் ஆராய்ச்சி ராணுவப் பணியோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. லிங்கன் ஆய்வகத்தில் அடிப்படை ஆராய்ச்சிக்கான இடம் சுருங்கியது. குட்இனஃப் ஆற்றல் சார்ந்த பொருள்களின் பக்கம் திரும்பினார். 1976இல் ஆக்ஸ்ஃபோர்டில் கனிம வேதியியல் ஆய்வகத்தின் தலைவரானார். விட்டிங்ஹமின் மின்கலத்தில் சல்ஃபைடு இருந்தது. அதற்குப் பதிலாக ஆக்சைடைக் கொண்டால் மின்னழுத்தம் உயரும் என்று குட்இனஃப் கணித்தார். ஆக்சைடுகளில் உலோகத்தின் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றல்மட்டத்தில் அமரும் என்று இருபதாண்டுகளுக்கு மேல் எண்ணிப் பழகியவரின் கணிப்பு அது. 1980இல் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு நான்கு வோல்ட்டைத் தந்தது. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மைக்கேல் தாக்கரேயுடன் சேர்ந்து உருவாக்கிய மாங்கனீசு மின்வாயும் ஸ்பைனல் அமைப்பு உடையது. நினைவக வளையங்களின் ஃபெரைட்டுக்கும் அதே அமைப்புத்தான்.

இவ்விடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் வருகிறது. தென்தமிழகத்துச் சிற்றூரான அமராபுரத்தில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃபுடன் இணைந்தார்; 1986இல் அவருடனே டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். சல்ஃபேட்டு, மாலிப்டேட்டு போன்ற அயனித்தொகுதிகளைச் சேர்த்தால் இரும்புச் சேர்மங்களிலும் மின்னழுத்தத்தை உயர்த்தலாம் என்று இருவரும் காட்டினர். 1997இல் வந்த இரும்பு ஃபாஸ்பேட்டு மின்வாய்க்கு அது முன்னோடி. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே.

மாங்கனேட்டுகளும் உறங்கிவிடவில்லை. 1990களின் முற்பகுதியில், காந்தப்புலத்தில் வைத்தால் இவற்றின் மின்தடை மிகப்பெரிய அளவில் வீழ்வது மெல்லிய படலங்களில் கண்டறியப்பட்டபோது, 1950களின் கட்டுரைகளை உலகம் மீண்டும் புரட்டியது. 2011இல், நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பெரோவ்ஸ்கைட் வினையூக்கிகளின் திறனும் அதே சுற்றுப்பாதையில் எத்தனை எலக்ட்ரான் என்ற கணக்கைப் பொறுத்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன் ஆசிரியர்களுள் குட்இனஃபும் ஒருவர். அப்போது அவர் வயது 89.

கோபால்ட் ஆக்சைடு மின்வாய்க்குக் காப்புரிமை பெற ஆக்ஸ்ஃபோர்டு முன்வரவில்லை. உரிமை ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. குட்இனஃபுக்கு அதிலிருந்து செல்வம் வரவில்லை. 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவரும்வரை அதன் மதிப்பை உணர்ந்தவர் சிலரே. கண்ணெதிரே நிற்கும் மின்கலத்துக்கே இந்நிலை என்றால், 1955இல் மாங்கனீசின் எலக்ட்ரான் எப்பக்கம் நீள்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவரிடம் 'இதனால் என்ன பயன்?' என்று வினவியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? நம் பல்கலைக்கழகங்களிலும் அவ்வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. 2023 ஜூன் 25 அன்று, நூறு வயது நிறைந்து நூற்றொன்றை நெருங்கிய நிலையில் குட்இனஃப் மறைந்தார். பயனைக் கேட்பது தவறன்று. விடைக்காகக் கால் நூற்றாண்டு பொறுத்திருக்கவும் மனம் வேண்டும் என்பதே அவர் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது.