விதைப்புக்கு முன் கூடும் கூட்டம்

பெரும்போக விதைப்புக்கு முன், புரட்டாதி வெயில் இன்னும் தணியாத நாட்களில், மட்டக்களப்பில் குளத்துக்குக் குளம் ஒரு கூட்டம் நடக்கும். உன்னிச்சைக்கு ஒன்று, உறுகாமத்துக்கு ஒன்று, நவகிரிக்கு ஒன்று, வாகனேரிக்கு ஒன்று. விவசாயிகள் அதை ஆரம்பக் கூட்டம் என்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், விவசாயத் திணைக்களத்தார், வங்கிக்காரர். இந்தப் பக்கம் வட்டை விதானைமார், விவசாய அமைப்புத் தலைவர்கள், போடியார்கள், மாட்டுக்காரர். வாய்க்கால் துப்புரவு முடிய வேண்டிய நாள், விதைப்பின் கடைசி நாள், எத்தனை மாத நெல், மாடுகள் வயல்வெளியை விட்டு மேய்ச்சல் தரைக்குப் போக வேண்டிய நாள், நீர் திறக்கும் நாள், மூடும் நாள் எல்லாம் அங்கே முடிவாகும். தீர்மானம் பதிவாகிவிட்டால் அது வெறும் பேச்சு அல்ல. மீறியவர் மீது வழக்குப் போடலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மேலிடம், ஒவ்வொரு நோக்கம். ஆனாலும் ஒரு போகத்துக்கு ஒரே நாட்காட்டியை ஒப்புக்கொண்டு எழுந்து போகிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையின் சமூக வரலாற்றில் கோயில்களுக்கும் குடிமுறைக்கும் கிடைத்த கவனம் இந்தக் கூட்டத்துக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும்.

கூட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை வட்டையின் அமைப்பே சொல்லிவிடும். பல பேருடைய வயல்கள் ஒரே வெளியில் வரம்புக்கு வரம்பு ஒட்டிக் கிடக்கும் நிலப்பரப்பு வட்டை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்துக் காணி வைத்திருக்கும் வட்டைகள் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பல. நீர் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு இறங்கும். ஒருவர் மூன்று வாரம் பிந்தி விதைத்தால், பக்கத்து வயல் அறுவடைக்குக் காய வேண்டிய நேரத்தில் அவருடைய பயிர் தண்ணீர் கேட்கும். முந்திய வயல்களை அறுத்தபின் பூச்சிகளும் பறவைகளும் பிந்திய வயலில் போய்ச் சேரும். மாட்டைக் கட்டாதவர் ஒருவர் இருந்தாலும் முழு வட்டைக்கும் வேலி வேண்டும். ஆகவே ஒருவர் வெள்ளாமை எல்லாருடைய வெள்ளாமையோடும் பிணைந்தது. இதைக் கவனிக்க ஏற்பட்டவரே வட்டை விதானை. அவருடைய கூலி பணமாக வரவில்லை. அறுவடையின்போது வயலுக்கு இவ்வளவு என்று நெல்லாகவே வந்தது. விளைந்தால்தான் அவருக்கும் பங்கு. இதைவிட நேர்மையான சம்பளத் திட்டம் எந்த அலுவலகத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தபோது கட்டாய உழைப்பு போனது. அதோடு குளக்கட்டையும் வாய்க்காலையும் ஊராகச் சேர்ந்து பேணும் கடமைக்குப் பின்னால் இருந்த அதிகாரமும் போயிற்று. வாய்க்கால் வெட்ட வராதவரை வரவைக்க யாருக்கும் உரிமை இல்லை. வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் ஆண்டுகள் கழியும். நெல் அதுவரை காத்திருக்காது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிக் கழிந்த பிறகு, ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நெற்காணி நீர்ப்பாசனத்துக்கும் செய்கைக்கும் உரிய பழைய வழக்கங்களுக்கு மறுபடி உயிர்கொடுத்து நடைமுறைப்படுத்துவது அதன் நோக்கம். காணிக்காரர் கூடிப் பேசி, தங்கள் பழைய வழக்கத்தை விதியாக ஏற்கலாம். மீறல்களை அந்த இடத்திலேயே விசாரிக்கலாம். குடியேற்ற அரசு ஒன்று, தான் கலைத்ததை ஊரிடமே திருப்பிக் கேட்டு வாங்கிய அரிய சந்தர்ப்பம் இது. வார்ட்டின் கண் கிழக்கின் மீதும் இருந்தது. அன்று மட்டக்களப்பைச் சேர்ந்திருந்த இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவருடைய காலத்தில் திருத்தப்பட்டன.

அதற்குப் பின் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1946இன் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இன்றைய கூட்டத்துக்குச் சட்டக் கூடு தந்தது. 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் விதானை முறையை நீக்கி, தெரிவு செய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகை விவசாயிக்கு அது பெரிய நன்மை. ஆனால் நீரைக் கவனிக்கும் ஆள் என்ற இடம் சில காலம் தடுமாறியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம்வரை பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. மட்டக்களப்பு விவசாயியின் பேச்சில் மட்டும் வட்டை விதானை போகவே இல்லை.

வழக்கத்திலிருந்து ஆராய்ச்சி பாடம் படித்த இடம் வாவிக்குத் தெற்கே இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. இடதுகரை வாய்க்கால்கள் முப்பது ஆண்டில் சிதைந்தன. தலைமடையில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். தண்ணீர் கடைமடையை எட்டுவதே அரிதாயிற்று. 1979இல் அமெரிக்க உதவியுடன் திருத்தவேலை தொடங்கியபோது, கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கைகோத்தன. பொறியியலாளர் வாய்க்காலைத் திருத்துவார். விவசாயிகளை யார் சேர்ப்பது என்ற கேள்வி இந்த இரண்டு நிறுவனங்களின் பங்கு.

1981இல் இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக வயல்வெளிக்குள் போய்த் தங்கினார்கள். திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகவில்லை. ஒரு வயல்வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள் என்ன பிரச்சினை என்று சொல்கிறார்களோ அதிலிருந்து தொடங்கினார்கள். அது குளத்தில் நீர் மிகக் குறைவாக இருந்த பருவம். சண்டை வெடிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் விவசாயிகள் வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்கினர், முறைவைத்துப் பாய்ச்சினர், மிச்சத்தைக் கீழே விட்டனர். நாட்டின் மிகச் சிக்கலான நீர்ப்பாசனத் திட்டங்களில் ஒன்று என்று பெயர்பெற்ற இடத்தில், இனப்பகை கூர்மையடைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இது நடந்தது. அந்தப் பணியின் கோர்னெல் தரப்பை நடத்திய நோர்மன் அப்ஹோஃப் 1992இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1988இல் நீர்ப்பாசன நிர்வாகத்தில் விவசாயிகளைப் பங்காளிகளாக்கும் கொள்கையை இலங்கை அரசு ஏற்றது; அதன் பின்னணியில் கல்லோயா அனுபவம் இருந்தது.

ஆராய்ச்சி நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கூட்டம் கூட வேண்டும் என்ற எண்ணமும் அதே பத்தாண்டில் சட்டமானது. தேயிலை தலவாக்கலையில், தென்னை லுணுவிலையில், இறப்பர் அகலவத்தையில், நெல் பத்தலகொடையில், மீன் கொழும்பில் என்று ஆராய்ச்சி நிலையங்கள் வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் சிதறிக் கிடந்தன. 1987இன் 47ஆம் இலக்கச் சட்டத்தால் விவசாய ஆராய்ச்சிக் கொள்கைச் சபை உருவானது. எதை முதலில் ஆராய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று எல்லா நிலையங்களுக்கும் பொதுவான முன்னுரிமை வகுப்பது அதன் வேலை. 1981இல் வந்தாறுமூலையில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, அந்தச் சட்டத்துக்கு ஓராண்டு முன்பே கிழக்குப் பல்கலைக்கழகமாகிவிட்டது. வாவியிலிருந்து சில மைல் தூரத்தில் விவசாய பீடம்!

இதே சிக்கலில் ஐரோப்பா இருபது ஆண்டு பிந்தித்தான் வெளிப்படையாகக் கைவைத்தது. 2008 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள பொது ஆராய்ச்சிப் பணத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு நாட்டுக்கு நாடு தனித்தனியே திட்டமிடப்படுவதைச் சுட்டியது. ஒவ்வொரு நாடும் தன் வயலைத் தன் இஷ்டத்துக்கு விதைத்த வட்டை அது. அடுத்த ஆண்டு லுண்ட் நகரில் கூடிய அறிஞர்களும் அதிகாரிகளும், துறைவாரியாகப் பிரிந்து கிடப்பதை விட்டுவிட்டுப் பெரும் சவால்களைச் சுற்றி ஆராய்ச்சி திரள வேண்டும் என்று பிரகடனம் செய்தனர். முதுமை மறதிநோய், உணவு, கடல், நீர் என்று கூட்டு முயற்சிகள் பிறந்தன. ஒவ்வொன்றும் முதலில் செய்தது ஒரே வேலை: பங்குபற்றும் நிறுவனங்கள் உட்கார்ந்து, அடுத்த ஆண்டுகளில் விடை தேட வேண்டிய கேள்விகளின் பொதுப் பட்டியலை எழுதியது. பணம் பெரும்பாலும் அந்தந்த நாட்டிடமே இருந்தது. பட்டியல் மட்டும் எல்லாருக்கும் பொது. உன்னிச்சை விவசாயிக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. அவருடைய விதைநெல்லும் அவருடையதுதான், நாள் மட்டும் பொது.

ஆனால் மட்டக்களப்பின் கூட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. அது வயலின் கடைசி வரம்போடு நின்றுவிடுகிறது. நீர் நிற்பதில்லை. வடக்கே பங்குடாவெளி தொடங்கித் தெற்கே கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவிக்குத்தான் உன்னிச்சையின் வான்நீரும் நவகிரியின் வான்நீரும் வயல்களின் வடிநீரும் வந்து சேரும். வாவி கடலைத் தொடும் முகத்துவாரங்களை வறட்சியில் மணல் அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் வாவி ஏறும்போது படுவான்கரை விவசாயி முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்வார். நின்ற நீரில் இளம் பயிர் அழுகும். வாவி மீனவர் பொறுக்கச் சொல்வார். அவசரப்பட்டு வெட்டி, பின்னால் மழை குறைந்தால், வாவி வற்றும், இறாலும் மீன்குஞ்சும் கடலுக்கு ஓடும், உப்பு ஏறும். தாழ்ந்த குடியிருப்புக்காரர் தங்கள் வீட்டு முற்றத்தைப் பார்ப்பார். மூன்று பேரும் சொல்வது உண்மை.

முகத்துவாரத்தை வெட்டும் முடிவு வெள்ளம் கழுத்துக்கு வந்த இரவுகளில், நெருக்கடியாக, எடுக்கப்படுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கின் வயல்கள் பரந்த அளவில் மூழ்கியபோது இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்று எல்லாரும் கண்டார்கள். மேய்ச்சல் தரையும் அப்படித்தான். மாடுகளை மயிலத்தமடு, மாதவணைக்குக் கொண்டுபோகும் நாளைக் கூட்டம் குறிக்கலாம். அந்தத் தரையை யாரும் உழாமல் பாதுகாக்க அதற்கு வலு இல்லை. 2023 முதல் அங்கே பண்ணையாளர் நடத்திய போராட்டம் அந்த இடைவெளியிலிருந்து வந்தது.

வாவி மட்டம் எவ்வளவு ஏறினால், எந்த மாதத்தில், முகத்துவாரத்தை வெட்டலாம்? கரையோர வட்டைகளுக்கு வெள்ளத்துக்கு முந்தி வேர்பிடிக்கும் நெல் எது, எந்த நாளில் விதைத்தால் தப்பும்? வயலில் தெளிக்கும் கிருமிநாசினி இறால் வளரும் ஓரங்களில் என்ன செய்கிறது? முதல் கேள்வி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் மீன்பிடித் திணைக்களத்துக்கும் நடுவில் கிடக்கிறது. இரண்டாவது பத்தலகொடைக்கும் வட்டை விதானைக்கும் நடுவில். மூன்றாவதற்கு விவசாய பீடமும் கடல்வள ஆராய்ச்சியாளரும் மீனவர் சங்கமும் சேராமல் விடை வராது. இவற்றை ஒரே தாளில் எழுதப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. புரட்டாதிக் கூட்டம் ஏற்கனவே நடக்கிறது, கதிரைகளும் போடப்பட்டிருக்கின்றன. வாவி மீனவர் சங்கத்தையும் வந்தாறுமூலை ஆய்வாளரையும் அழைத்து, நிகழ்ச்சி நிரலில் நீர் மூடும் நாளுக்கு அடுத்த வரியாக முகத்துவாரத்தைச் சேர்த்தால் போதும். அடுத்த பெரும்போகத்துக்கே அதைத் தொடங்கலாம்.