காலி டப்பாவின் கதை: வால்வு ரேடியோ காலத்து அட்டைப்பெட்டிகள்

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, "ரேடியோ வால்வு வைக்கிற காலி டப்பாவைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எழுதுப்பா, பக்கம் இருக்கு" என்றார் நண்பர். பக்கம் இருக்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் படித்தது பௌதீகம். பிழைத்தது அட்டைப்பெட்டித் தொழிலில். ஓய்வுக்குப் பிறகும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் உள்ள சிறிய பெட்டி ஆலை ஒன்றுக்கு யோசனை சொல்லப் போய் வருகிறேன். சுற்றிலும் கார் கம்பெனி, செல்போன் கம்பெனி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள். எல்லாவற்றுக்கும் பெட்டி வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், ஐம்பது அறுபது வருடம் முந்திய ரேடியோ வால்வுகளுக்கு டப்பா செய்த கதை இது. அதைச் சொல்ல வேண்டுமானால் வால்வு நம்மூருக்கு வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வால்வு வந்த வழி

1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்முனை உள்ள வால்வுக்குக் காப்புரிமை பெற்றார். 1906இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது முனையைச் சேர்த்தார். இருபது வருடத்துக்குள் அது சென்னைக்கு வந்துவிட்டது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணக் கஷ்டத்தால் 1927இல் நின்றுபோனது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த வருடமே திருச்சி நிலையம்.

நிலையம் வந்தாலும் வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். அப்போதும்கூட வால்வு என்பது கப்பலில் வந்த சரக்குத்தான். அதனால்தான் அதன் டப்பாவுக்கும் ஒரு மரியாதை. டப்பாவில் ஹாலந்து என்றோ இங்கிலாந்து என்றோ போட்டிருந்தால், ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் அதைக் கண்ணில் படும்படி ஷெல்ஃபில் அடுக்கி வைப்பார்.

பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1954இல் தொடங்கப்பட்டது. 1961இல் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு கூட்டாக ரேடியோ வால்வு உற்பத்தியை அது ஆரம்பித்தது. 'பெல்' என்ற பெயர் போட்ட வால்வுகள் நம்மூர்க் கடைகளுக்கு வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் 1947இலேயே பிறந்துவிட்டது. அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரும் செய்ய ஆரம்பித்தது. மூத்தவனுக்குப் பெயர் வைத்த கையோடு, அவன் சொத்தைப் பறிக்கப் போகிற இளையவனும் அதே வீட்டில் பிறந்த மாதிரி! நாங்கள் கல்லூரியில் படித்த 1970களில் வீதியெல்லாம் டிரான்சிஸ்டர் பாடியது. ஆய்வகத்தில் மட்டும் நாங்கள் டிரையோடு வால்வுக்கு வளைகோடு வரைந்துகொண்டிருந்தோம்.

நம்பரில் இருக்கும் ஜாதகம்

டப்பாவின் மேல் 'இ.சி.எச்.81', 'இ.எல்.84' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது வெறும் நம்பர் அல்ல, ஜாதகம். பிலிப்ஸும் ஐரோப்பாவின் பல கம்பெனிகளும் பின்பற்றிய முறை அது. முதல் எழுத்து இழைக்கு வேண்டிய மின்சாரத்தைச் சொல்லும்: 'இ' என்றால் 6.3 வோல்ட், 'யு' என்றால் வரிசையாக இணைக்கும் 100 மில்லி ஆம்பியர் இழை. அடுத்த எழுத்து வேலையைச் சொல்லும்: 'சி' டிரையோடு, 'எஃப்' பென்டோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் பவர் பென்டோடு, 'இசட்' இரு பக்கமும் மின்சாரத்தைத் திருத்தும் ரெக்டிஃபையர். எண் 80களில் இருந்தால் ஒன்பது கம்பிக்கால் கொண்ட கண்ணாடி அடிப்பாகம். இதை மனப்பாடமாக வைத்திருந்த மெக்கானிக்குகள் பலர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாதவர்கள். "தம்பி, இ.எல்.84 கேட்டா இ.எஃப்.89 குடுத்துட்டான் பாரு" என்று டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார்கள்.

டப்பாவுக்கு என்ன வேலை?

கண்ணாடி உடையாமல் இருக்கவும், கால் வளையாமல் இருக்கவும் டப்பா வேண்டும். அது சின்ன வேலை. பெரிய வேலை, அடையாளம் காப்பது. வால்வின் கண்ணாடி மேல் அச்சிட்ட எழுத்து, சூட்டிலும் விரல் படுவதிலும் சுலபமாக அழிந்துவிடும். எழுத்து போனால், அது எந்த ஆலையில் பிறந்தது என்று சொல்லப் பெரும்பாலும் டப்பாதான் மிச்சம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ரிப்பேர் செய்பவர் புது வால்வைப் போட்டுவிட்டு, கெட்டுப்போன பழையதை அந்தப் புது டப்பாவிலேயே வைத்து வீட்டுக்காரரிடம் கொடுப்பார். "மாத்திட்டேங்க, இதோ பழசு" என்பதற்கு அதுதான் சாட்சி. பரணில் கிடைக்கும் டப்பாவில் புது வால்வு இருக்கும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நல்ல டப்பாவுக்குள் செத்த வால்வு இருப்பது சகஜம்.

வால்வு நீண்ட ஆயுள் உள்ளது. உச்சியில் வெள்ளி பூசியது போலத் தெரிகிற பேரியம் படலம், மிச்சம் மீதி வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தைக் காக்கும். காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் போல் வெளுத்துவிடும். புகாவிட்டால் அரை நூற்றாண்டு கழித்தும் வேலை செய்யும். டப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கரையானும் ராமபாணப் பூச்சியும் சென்னை ஈரமும் அதைத் தின்றுவிட்டன. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. ரிச்சி தெருக் கடைகளிலும் காலப்போக்கில் வால்வு இருந்த இடத்தைக் கம்ப்யூட்டர் சாமான்கள் பிடித்துக்கொண்டன.

நாங்கள் செய்த விதம்

காஞ்சிபுரத்தில் பழைய ரேடியோக்களைச் சரிசெய்து ஓட வைக்கும் பெரியவர் ஒருவர், சுமார் இருநூறு வால்வுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு ஆலைக்கு வந்தார். கூடவே கிழிந்த பெட்டிகள் நான்கைந்து. "ஒண்ணோட ஒண்ணு மோதி எழுத்தெல்லாம் போவுது சார். இதே மாதிரி டப்பா போட முடியுமா?" என்று கேட்டார்.

எங்கள் மெஷின் ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் அடிக்கும்; இருநூறுக்கு அதை ஓட்டுவது கட்டுப்படியாகாது. ஆகவே பழைய முறைக்கே போனோம். ஒரு பெட்டியின் பசை ஒட்டிய விளிம்பில் மெல்ல ஆவி காட்டிப் பிரித்து, தட்டையாக விரித்து அளவெடுத்தோம். இ.எல்.84 சுமார் 22 மில்லிமீட்டர் விட்டம், எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். உள்ளே நெளியட்டை ஒரு சுற்று வர இடம் விட்டோம். பிளைவுட் பலகையில் எஃகு பிளேடு பதித்து, வெட்டவும் மடிப்புக்கோடு அழுத்தவும் டை செய்தோம். 300 ஜி.எஸ்.எம். டூப்ளெக்ஸ் அட்டையில், நார் ஓடும் திசை பெட்டியைச் சுற்றி வரும்படி வெட்டினோம். நீளவாக்கில் வெட்டினால் சில நாளில் பக்கங்கள் உப்பிவிடும்.

நிறம்தான் சோதித்தது. வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. பசை ஒட்டிய மடிப்பின் அடியில் ஐம்பது வருடமாக வெளிச்சமே படாத ஒரு விரற்கடை இருந்தது. அசல் நிறம் அங்கே அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத் தனி மையாகவே கலந்தோம். நான்கு வர்ணத்தில் புள்ளி புள்ளியாக அச்சிட்டால் பூதக்கண்ணாடியில் தெரிந்துவிடும். பழைய டிரெடில் மெஷின் வைத்திருந்த ஒருவர் அச்சடித்துக் கொடுத்தார். பெட்டி மடித்தபோது அந்தப் பெரியவர் ஒரு வால்வை உள்ளே இறக்கி, மூடி, காதருகே ஆட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. "சரியா இருக்கு" என்றார். அதற்கு மேல் பாராட்டு எதற்கு?

ஐந்நூறு டப்பா ஆர்டர்

செய்தி பரவி ஒரு வியாபாரி வந்தார். பெயர் வேண்டாம். ஐந்நூறு டப்பா வேண்டும், முன்பணம் தருகிறேன் என்றார். எங்கள் பெட்டியின் உள்மடிப்பில் 'மறு ஆக்கம்' என்ற சொல்லும் செய்த வருடமும் அச்சிட்டிருக்கும். "அந்த எழுத்து மட்டும் வேணாம் சார், மத்தபடி அப்படியே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாங்குறவங்க கேள்வி கேக்குறாங்க" என்றார்.

பழைய பெயர் போட்ட, பெட்டி பிரிக்காத வால்வுக்கு உலகமெங்கும் தனி விலை. சங்கீத ஆம்ப்ளிஃபையர் பிரியர்கள் அதற்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள். கழற்றிய வால்வைத் துடைத்து, புது எழுத்து அடித்து, பழைய மாதிரி டப்பாவில் போட்டால் முடிந்தது காரியம். ஆலை முதலாளிக்கு அந்த ஆர்டர் மேல் ஆசை இருந்தது. டை செலவெல்லாம் எடுத்துவிடலாம். "வெறும் அட்டை சார், உள்ளே என்ன போடுறாங்கன்னு நமக்கென்ன?" என்றார். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். பழைய பெயர்களை உரிமையோடு வாங்கி, இன்றைய வால்வுகளில் போட்டு விற்கிறவர்களே இருக்கிறார்கள். முல்லார்டு என்ற பிரிட்டிஷ் பெயரில் ரஷ்யாவின் சராத்தோவ் நகரத்து வால்வுகள் விற்கப்பட்டது ஊரறிந்த விஷயம்.

ஆனால் அவை புதியவை என்பதும் ஊரறிந்த விஷயம். எங்களிடம் கேட்டது அது அல்ல. வால்வில் எழுத்து அழிந்தபின் டப்பாதான் சாட்சி என்று முன்பே சொன்னேன். பொய்ச் சாட்சி ஐந்நூறு பேரை உருவாக்கினால், மிச்சமிருக்கும் உண்மையான சாட்சியையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஜாலஹள்ளியில் நம்மவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று நாளைக்கு ஒரு மாணவன் தேடினால் அவன் கையில் எங்கள் அட்டை கிடைக்கும். இதைச் சொன்னதும் முதலாளி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். ஆர்டர் போனது. அதற்குப் பிறகு இரண்டு விதி வைத்தோம்: உள்மடிப்பு எழுத்து இல்லாமல் பெட்டி வெளியே போகாது, வால்வைக் கொண்டுவந்து காட்டினால்தான், ஒரு வால்வுக்கு ஒரு பெட்டி.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மில் பலர் வீட்டுப் பரணில் மர்ஃபியோ பிலிப்ஸோ புஷ்ஷோ தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வால்வு டப்பா இருந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். பெட்டியையும் வால்வையும் பிரிக்க வேண்டாம். கிழிந்த பெட்டிக்கு செல்லோ டேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் அட்டையைப் பழுப்பாக்கிவிடும். எந்த ஊரில், யார் வீட்டில் கிடைத்தது என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால், ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கில் காட்டிப் பாருங்கள். 1950க்கு முந்தியது என்று சொல்லப்படும் அட்டை நீலமாகப் பளிச்சிட்டால், அதன் வயதைப் பற்றி இன்னொரு முறை விசாரிப்பது நல்லது. எங்கள் பெட்டி கைக்கு வந்தால் விளக்கே வேண்டாம். உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் போதும். அதுவே உண்மையைச் சொல்லிவிடும்.